ஐபிஆர் படிக்க எது நல்ல வழி: கைடா, முழுத் தீர்ப்பா, பேர் ஆக்டா, வீடியோவா?

நாகர்கோவில், பத்மநாபபுரம், குழித்துறை கோர்ட்டுகளுக்குப் புதிதாக வர ஆரம்பித்திருக்கிற ஜூனியர்களும், திருநெல்வேலியிலும் திருவனந்தபுரத்திலும் சட்டம் படித்துக்கொண்டிருக்கிற நம்ம மாவட்டத்துப் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்வி இது. அறிவுசார் சொத்துரிமைச் சட்டத்தை (ஐபிஆர்) முக்கியமான வழக்குகள் வழியாகப் படிக்கணும், எங்கிருந்து ஆரம்பிக்கிறது? கையில் இருக்கிற வழிகள் நாலு. கடையில் கிடைக்கிற கைடும் ஹெட்நோட் (தீர்ப்புக்கு மேலே பதிப்பாளர் எழுதிப் போடுகிற சுருக்கம்) தொகுப்பும் ஒன்று, தீர்ப்பை முதல் வரியிலிருந்து முழுசாகப் படிப்பது இன்னொன்று, தீர்ப்பெல்லாம் அப்புறம் என்று பேர் ஆக்டை, அதாவது விளக்கம் எதுவும் இல்லாத சட்ட வாசகத்தை, மட்டும் பிடித்துக்கொள்வது மூன்றாவது, வீடியோ வகுப்பு நாலாவது. என் பக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வக்கீல் தொழில் செய்யப் போகிறவர் முழுத் தீர்ப்பைத்தான் படிக்க வேண்டும். ஆனால் கொஞ்சமாகத் தேர்ந்தெடுத்து, பேர் ஆக்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். மற்ற வழிகளுக்கும் அவற்றுக்கான இடம் இருக்கிறது, அது எந்த இடம் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

இதெல்லாம் சென்னை, டெல்லி சமாச்சாரம் என்று நினைத்து ஒதுங்குகிறவர்கள் நம்மூரில் அதிகம். ஈத்தாமொழி நெட்டைத் தென்னை, மார்த்தாண்டம் தேன், மட்டி வாழை, கன்னியாகுமரி கிராம்பு, வடசேரிப் பட்டறைகளில் செய்கிற கோவில் நகை எல்லாம் புவிசார் குறியீடு (இந்த ஊருக்கே உரிய சரக்கு என்று பதிந்து தருகிற அடையாளம்) வாங்கியவை. ஒரு சின்ன மாவட்டத்துக்கு இது சாதாரண விஷயம் இல்லை. இது போக, நேந்திரம் சிப்ஸ் கவரில் போடுகிற கடைப் பெயரும் தேன் பாட்டிலில் ஒட்டுகிற லேபிளும் தினம் தினம் தகராறு வரக்கூடிய சொத்துகள்தான். நாளைக்கு இதற்காக யாராவது நம் சேம்பர் படியேறும்போது பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் கைடு. பரீட்சைக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் இதை விட்டால் வேறு வழி இல்லை, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு பக்கத்துக்கு நாலு வழக்கு, ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி, பெயரும் வருஷமும் மனசில் நிற்கும். ஆனால் அந்த மூன்று வரிக்கும் தீர்ப்புக்கும் நடுவில் இன்னொருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பதை மறக்கக் கூடாது. இதையே ஒரு வழக்காகப் படிக்கலாம். ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் டி.பி. மோடக், 2007 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. நாம் கோர்ட்டில் சைட்டேஷன் (தீர்ப்பு எந்தத் தொகுதியில், எந்தப் பக்கத்தில் என்கிற குறிப்பு) கொடுக்கிற எஸ்சிசி தீர்ப்புத் தொகுதிகளை வெளியிடுகிறவர்கள், தாங்கள் திருத்திப் பதிப்பித்த தீர்ப்புகளை வேறு இரண்டு நிறுவனங்கள் சிடியில் போட்டு விற்றதாகச் சொல்லி வழக்குப் போட்டார்கள். தீர்ப்பின் மூல வாசகம் யாருக்கும் சொந்தமில்லை, காப்பிரைட் சட்டத்தின் 52(1)(க்யூ) பிரிவுப்படி அதை யார் வேண்டுமானாலும் வெளியிடலாம். எழுத்துப்பிழை திருத்துவது, சைட்டேஷன் சேர்ப்பது போன்ற உழைப்புக்கும் காப்பிரைட் கிடையாது, உழைப்பு மட்டும் போதாது, திறமையும் தீர்மானமும் கொஞ்சமாவது தனித்தன்மையும் வேண்டும் என்று கோர்ட் சொன்னது. ஆனால் தீர்ப்பைப் பத்தி பத்தியாகப் பிரித்ததற்கும், எந்த நீதிபதி ஒத்துப்போனார், எவர் மாறுபட்டார் என்று குறித்ததற்கும் பாதுகாப்பு கொடுத்தது. ஏனென்றால் அதற்குத் தீர்ப்பைப் புரிந்துகொண்டு ஒரு முடிவுக்கு வர வேண்டும். இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. ஹெட்நோட் எழுதுகிறவர் தன் தீர்மானத்தைத்தான் எழுதுகிறார். எதை எடுப்பது, எதை விடுவது என்பது அவர் முடிவு.

விட்டுப்போவது என்ன மாதிரி விஷயம் என்று பார்க்க ஆர்.ஜி. ஆனந்த் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1978-ல் வந்த தீர்ப்பு, காப்பிரைட் பாடத்தில் எல்லாக் கைடிலும் முதலில் வருவது. 'ஹம் ஹிந்துஸ்தானி' என்ற நாடகத்தை எழுதியவர், 1956-ல் வெளிவந்த 'நியூ டெல்லி' என்ற இந்திப் படம் தன் நாடகத்தின் காப்பி என்று வழக்குப் போட்டார். நாடகத்தில் ஒரு பஞ்சாபிக் குடும்பம், ஒரு தமிழ்க் குடும்பம், பிள்ளைகளின் காதல், மாகாண வெறி. படத்திலும் அதே அடித்தளம்தான், ஆனால் கூடவே ஊர் பார்த்து வீடு வாடகைக்கு விடுகிற பழக்கமும் வரதட்சணைக் கொடுமையும் வருகின்றன. கருத்துக்குக் காப்பிரைட் இல்லை, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு. இரண்டையும் பார்த்த ஒரு சாதாரண ஆளுக்கு இது அதன் காப்பிதான் என்று சந்தேகமில்லாமல் தோன்ற வேண்டும். இப்படித் தோன்றவில்லை என்று நாடக ஆசிரியரின் அப்பீல் தள்ளுபடி ஆனது. கைடு இதோடு நிறுத்திவிடும்.

தீர்ப்பின் கடைசிக்குப் போனால் நீதிபதி பதக் தனியாக எழுதிய சில பத்திகள் இருக்கின்றன. படத்தின் திரைக்கதையை எழுதியவர்கள் நாடகத்தின் முக்கிய அம்சங்களால் ஓரளவு தாக்கம் பெற்றிருப்பதாகத் தனக்குத் தோன்றுகிறது என்கிறார். உண்மைகளை மறுபடி எடைபோட உச்ச நீதிமன்றத்துக்கு வழி இருந்திருந்தால் ஹைகோர்ட் முடிவிலிருந்து தான் மாறுபட்டிருக்கக்கூடும் என்ற அளவுக்குப் போகிறார். கீழே இரண்டு கோர்ட்டுகளும் உண்மை விஷயத்தில் ஒரே முடிவுக்கு வந்துவிட்டதால்தான் அவரும் தள்ளுபடிக்கு ஒத்துப்போகிறார். ஒரு ட்ரயல் கோர்ட் வக்கீலுக்கு இதைவிடப் பெரிய பாடம் உண்டா? காப்பிரைட் வழக்கு பெரும்பாலும் சாட்சிக் கூண்டில், முதல் கோர்ட்டில் தீர்மானமாகிறது. இரண்டு ஸ்கிரிப்ட்டையும் பக்கம் பக்கமாக ஒப்பிட்டு அட்டவணை போட்டு அங்கேயே கொடுக்காவிட்டால் மேலே போய் எவ்வளவு வாதாடினாலும் கஷ்டம். நான் பார்த்த ஹெட்நோட்களில் இந்த விஷயத்துக்கு ஒரு வரிக்கு மேல் இடம் கொடுத்தது கிடையாது.

ஆர்.ஜி. ஆனந்த் மட்டும் இப்படி இல்லை. அம்ரித்தாரா வழக்கு (தீர்ப்பு 1962) என்றவுடன் 'சராசரி அறிவும் அரைகுறை ஞாபகமும் உள்ள வாங்குபவர்' என்று எல்லோரும் ஒப்பிப்பார்கள். அம்ரித்தாரா, லக்ஷ்மண்தாரா இரண்டும் மருந்துப் பெயர்கள். கடைக்கு வருகிற கிராமத்து ஆள் பெயரைப் பிய்த்து அர்த்தம் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார், மொத்தமாகக் காதில் விழுவதைத்தான் எடுத்துக்கொள்வார், அதனால் குழப்பம் வரும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சரி, அப்படியானால் லக்ஷ்மண்தாராக்காரர் தோற்றுவிட்டார் என்றுதானே நினைப்போம்? இல்லை. அவர் 1923-லிருந்து அந்தப் பெயரில் விற்றுவந்ததும், எதிராளி அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததும் கணக்கில் எடுக்கப்பட்டு, உத்தரப் பிரதேசத்துக்குள் மட்டும் அவர் பெயரைப் பதிவு செய்யலாம் என்று முடிந்தது. பத்து வருஷமாகப் பக்கத்து ஊர்க்காரன் நம் பெயரில் சிப்ஸ் விற்பதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இப்போது வருகிற கட்சிக்காரருக்கு, நாம் முதலில் சொல்ல வேண்டியது இந்தப் பிற்பாதியைத்தான்.

முழுத் தீர்ப்பில் உள்ள சிரமத்தை மறைக்க வேண்டியதில்லை. நீளம், ஆங்கிலம், நேரம் மூன்றும் பிரச்சினைதான். நோவார்ட்டிஸ் மருந்துக் கம்பெனி வழக்கின் தீர்ப்பு (2013 ஏப்ரல் 1) நூறு பக்கத்துக்கு மேல் போகும். ஆனால் அதன் முதல் பாதியை ஒரு சரித்திரப் பாடமாக உட்கார்ந்து படித்துப் பாருங்கள். நம் நாட்டுக்கு என்ன மாதிரி பேட்டன்ட் சட்டம் வேண்டும் என்று டேக் சந்த் கமிட்டியும், அப்புறம் அய்யங்கார் அறிக்கையும் யோசித்த விதம், 1970 சட்டம் மருந்துப் பொருளுக்கு பேட்டன்ட் கொடுக்காமல், செய்முறைக்கு மட்டும் கொடுத்தது ஏன், 2005-ல் அது திரும்பி வந்தபோது தெரிந்த மருந்தின் புது வடிவம் திறனைக் கூட்டினால்தான் பேட்டன்ட் என்கிற 3(டி) பிரிவை நாடாளுமன்றம் காவலுக்கு வைத்தது ஏன் என்று எல்லாம் வரிசையாக வரும். ரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் மெசிலேட்டின் பீட்டா படிக வடிவத்துக்கு பேட்டன்ட் கேட்டு 1998-ல் மனு போனது சென்னை பேட்டன்ட் ஆபீசுக்குத்தான். 2006-ல் நிராகரித்ததும் அதே ஆபீஸ். 3(டி) அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்ற வாதத்தை 2007-ல் தள்ளியது மெட்ராஸ் ஹைகோர்ட். உலகம் முழுக்கப் பேசப்படுகிற வழக்கு நம் மாநிலத்தில் வளர்ந்தது என்பதில் எனக்கு இன்றைக்கும் ஒரு பெருமிதம் உண்டு. கைடில் 'எவர்கிரீனிங் (பழைய மருந்தைக் கொஞ்சம் மாற்றி பேட்டன்ட்டை நீட்டிக்கொண்டே போவது) கூடாது' என்று ஒரு வரி இருக்கும். தீர்ப்பிலோ, மருந்து என்றால் 'எஃபிகசி' என்பது நோயைக் குணப்படுத்தும் திறன்தான், உடம்பு மருந்தை 30 சதவீதம் கூடுதலாக உறிஞ்சுகிறது என்பது மட்டும் அதற்குத் தானாகச் சாட்சி ஆகிவிடாது, ஆய்வுத் தரவு வைத்து நிரூபிக்க வேண்டும் என்று அளந்து சொல்லியிருக்கும். மருந்தின் வடிவத்தை மாற்றினால் பேட்டன்ட்டே கிடைக்காது என்று கோர்ட் எங்கும் சொல்லவில்லை.

பேட்டன்ட் என்றாலே பயப்படுகிறவர்கள் நோவார்ட்டிஸில் ஆரம்பிக்க வேண்டாம். பிஷ்வநாத் பிரசாத் எதிர் ஹிந்துஸ்தான் மெட்டல் என்று 1978 டிசம்பரில் வந்த தீர்ப்பை எடுங்கள். சமாச்சாரம் பாத்திரப் பட்டறை. லேத்தில் பாத்திரத்தைக் கட்டிச் சுற்றவிட்டு மெருகு போடும்போது அது பிடி விட்டுப் பறந்து வேலை செய்கிறவர் மேல் விழுகிற ஆபத்து இருந்தது. அதைத் தடுக்க, எதிர்ப்பக்கமிருந்து கூர்முனை ஒன்றால் பாத்திரத்தை அழுத்திப் பிடிக்கிற ஏற்பாட்டுக்கு பேட்டன்ட் வாங்கியிருந்தார்கள். வேலை சுலபமாகிறது, பாதுகாப்பு கூடுகிறது, எல்லாம் சரி, ஆனால் லேத் தெரிந்த எந்தத் தொழிலாளிக்கும் தோன்றக்கூடிய மாற்றம்தானே இது, இதில் கண்டுபிடிப்பு எங்கே என்று கேட்டு உச்ச நீதிமன்றம் அந்த பேட்டன்ட்டை ரத்து செய்தது. வேதியியலும் வேண்டாம், மென்பொருளும் வேண்டாம், 'இன்வென்டிவ் ஸ்டெப்' என்பது இந்த ஒரு பட்டறைக் காட்சியிலேயே விளங்கிவிடும். தென்னை ஏறுகிற கருவியையோ ரப்பர் ஷீட் அடிக்கிற மெஷினையோ கொஞ்சம் மாற்றிச் செய்துவிட்டு பேட்டன்ட் கிடைக்குமா என்று கேட்டு வருகிற பட்டறைக்காரருக்கு இதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை.

தீர்ப்புகளுக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. இ-எஸ்சிஆர் தளத்தில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இலவசம், சிலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் இருக்கிறது. இந்தியன் கானூனும் இலவசம். தமிழ் வழியில் படித்தவர்கள் முதல் தீர்ப்பில் திணறுவது இயல்பு, அதற்காகப் பின்வாங்க வேண்டாம். பிரிண்ட் எடுத்து, பென்சிலை வைத்துக்கொண்டு, ஓரத்தில் 'சம்பவம்', 'கேள்வி', 'கீழ்க்கோர்ட்', 'வாதம்', 'முடிவு' என்று மட்டும் குறித்துக்கொண்டே போங்கள். நீதிபதி வாதத்தைச் சொல்கிற பத்தியையே அவருடைய முடிவு என்று எடுத்து கோர்ட்டில் வாசித்து மாட்டிக்கொள்கிற விபத்து இதனால் பெருமளவு தவிரும்.

இப்போது எதிர்ப்பக்கம். வழக்கை மட்டும் பிடித்துக்கொண்டு பேர் ஆக்டை விட்டவர்களுக்குக் காத்திருக்கிற குழி 1977-ல் வந்த ஐபிஆர்எஸ் (பாடலாசிரியர், இசையமைப்பாளர்களின் உரிமைச் சங்கம்) தீர்ப்பு. படத்துக்காகத் தயாரிப்பாளர் காசு கொடுத்து எழுத வைத்த பாட்டு, இசை இவற்றின் முதல் சொந்தக்காரர் அவரே, வேறு ஒப்பந்தம் இல்லாத வரை பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் அப்புறம் வந்து ராயல்டி கேட்க முடியாது என்பது அதன் சாரம். நீதிபதி கிருஷ்ணய்யர் அதோடு ஒரு அடிக்குறிப்பு எழுதினார். இசையமைப்பாளருக்கு உரிமை, பாடுகிறவருக்கு ஒன்றுமில்லை என்கிற சட்டம் நம் நாட்டு இசைக்கே பொருந்தாது, நாடாளுமன்றம் இதைக் கவனிக்கணும் என்று. நாடாளுமன்றம் மெதுவாகத்தான் கவனித்தது. 1994-ல் பாடகர், கலைஞர்களுக்குத் தனி உரிமை வந்தது, 2012 திருத்தத்தில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் விட்டுக்கொடுக்க முடியாத பங்கு வந்தது. 1977 தீர்ப்பை மட்டும் படித்துவிட்டு ஒரு பாடலாசிரியருக்கு ஆலோசனை சொன்னால் அவர் சோற்றில் மண்ணைப் போட்டதாகிவிடும். அதனால்தான் 17, 18, 19 பிரிவுகளை இன்றைய வடிவத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

புவிசார் குறியீட்டில் பேர் ஆக்டே பெரிய கை. இந்தத் துறையில் முழுசாக அலசப்பட்ட பெரிய தீர்ப்புகள் குறைவு. பாடத்தில் வருவது டீ போர்டு ஐடிசி மேல் போட்ட வழக்கு. ஹோட்டலில் 'டார்ஜிலிங் லவுஞ்ச்' என்று பெயர் வைத்ததை எதிர்த்துப் போட்டு, 2019-ல் கல்கத்தா ஹைகோர்ட்டில் தோற்றார்கள், குறியீடு சரக்குக்குத்தான், லவுஞ்ச் ஒரு சேவை என்று. மார்த்தாண்டத்தில் தேனீ வளர்க்கிற ஒருவருக்கு உண்மையில் தேவையான விஷயமோ சட்டத்தின் 17, 21 பிரிவுகளில் இருக்கிறது. சங்கத்தின் பெயரில் குறியீடு பதிவாகிவிட்டால் மட்டும் போதாது, அவர் தன்னை 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்று தனியாகப் பதிந்துகொள்ள வேண்டும், அந்தக் குறியீட்டைப் போட்டு விற்கிற உரிமை அப்படிப் பதிந்தவருக்கே. பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. எந்த லேண்ட்மார்க் தீர்ப்பும் இதைச் சொல்லித் தராது, நம் விவசாயிகளில் பலருக்கு இதை யாரும் எடுத்துச் சொன்னதும் இல்லை. எனக்கு மனசு ஆறாத விஷயம் இது.

வெறும் பேர் ஆக்ட் மட்டும் போதுமா என்றால், அகில இந்திய பார் தேர்வுக்கு ஓரளவு போதும், குறிப்பெழுதாத பேர் ஆக்டைத்தான் அங்கே உள்ளே கொண்டுபோக விடுகிறார்கள். தொழிலுக்குப் போதாது. 'ஏமாற்றும் அளவுக்கு ஒத்த' என்று சட்டம் சொல்லிவிட்டுப் போய்விடும், எவ்வளவு ஒத்திருந்தால் ஏமாற்றும் என்பதற்கு வழக்குதான் வேண்டும்.

வீடியோ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஐஐடிகள் நடத்துகிற என்பிடெல்லில் இருக்கிற இலவச வகுப்புகள் தரமானவை, உலக அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவின் அகாடமி நடத்துகிற டிஎல்-101 என்கிற அடிப்படைப் பாடத்துக்கும் கட்டணம் கிடையாது, துறையின் மொத்த வரைபடம் கிடைக்க இவற்றில் ஒன்றை முதலில் முடிப்பது நல்லதுதான். யூடியூபில் பத்து நிமிஷத்தில் லேண்ட்மார்க் கேஸ் சொல்கிற வீடியோக்களைக் கைடோடு சேர்த்துக்கொள்ளுங்கள், அதே குறை. உதாரணமாக டெல்லி யுனிவர்சிட்டி போட்டோகாப்பிக் கடை வழக்கை 'மாணவர்கள் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுக்கலாம்' என்று முடித்துவிடுகிறார்கள். 2016 செப்டம்பரில் தனி நீதிபதி வழக்கைத் தள்ளியது உண்மை. ஆனால் டிசம்பரில் டிவிஷன் பெஞ்ச் அந்த வழக்கை ஒரு குறுகிய கேள்விக்காக உயிர்ப்பித்தது, அந்தப் பாடத்துக்கு அத்தனை பக்கமும் தேவையா என்று பார்க்க. 2017-ல் பதிப்பகங்களே வழக்கை வாபஸ் வாங்கியதால் அது விசாரணைக்குப் போகவில்லை. பாடத்துக்குத் தேவைப்படுகிற அளவு என்கிற வரம்பு அப்படியே நிற்கிறது.

வெளிநாட்டு வழக்குகளில் ஆரம்பிக்கலாமா என்றும் சிலர் கேட்பார்கள், அமெரிக்காவின் ஃபைஸ்ட் (காப்பிரைட்), சக்ரபர்த்தி (பேட்டன்ட்) என்று. எல்எல்எம் பண்ணுகிறவர்களுக்குச் சரி. மற்றவர்கள் மோடக் தீர்ப்பிலேயே ஃபைஸ்ட் அலசப்பட்டிருப்பதைப் படித்தால் போதும்.

ஆக, என் சிபாரிசு ஆளுக்கு ஆள் மாறும். பரீட்சை மட்டும் குறி என்றால் கைடும் பேர் ஆக்டும். வியாபாரிக்கு நந்தினி வழக்கை (2018) யாராவது படித்துச் சொன்னால் போதும். கர்நாடகப் பால் கூட்டமைப்பின் நந்தினிக்கும் பெங்களூர் ஹோட்டல் நந்தினிக்கும் நடந்தது, டிரேட்மார்க் பதிவில் சரக்குகளைப் பிரித்து வைக்கிற வகுப்புகளில் ஒரே வகுப்பில் பதிந்திருந்தாலும் அந்த வகுப்பு முழுக்க ஒருவருக்கே சொந்தமாகிவிடாது என்று முடிந்தது. தொழிலுக்கு வருகிற ஜூனியர் ஆர்.ஜி. ஆனந்த், அம்ரித்தாரா, பிஷ்வநாத் பிரசாத், மோடக் நான்கையும் இந்த வரிசையிலேயே முழுசாக முடிக்கட்டும், அதற்கப்புறம் நோவார்ட்டிஸ். இரண்டு பேராகச் சேர்ந்து, ஒருவர் ஜெயித்த கட்சிக்கும் இன்னொருவர் தோற்ற கட்சிக்கும் வாதாடிப் பார்த்தால் இன்னும் நல்லது.

இதையெல்லாம் படித்துவிட்டுச் சென்னைக்குப் போனால்தான் பிழைப்பு என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. பதிவு அலுவலக உத்தரவுகள் மேல் போகிற அப்பீல்களுக்கு 2021-ல் ஐபிஏபி என்கிற மேல்முறையீட்டு வாரியம் கலைக்கப்பட்ட பிறகு மெட்ராஸ் ஹைகோர்ட்தான், அங்கே தனி ஐபி டிவிஷனும் இருக்கிறது, அது உண்மை. ஆனால் பதிவு செய்த டிரேட்மார்க்கை ஒருவர் திருடினால் டிரேட்மார்க் சட்டத்தின் 134-வது பிரிவு, வாதி குடியிருக்கிற அல்லது தொழில் செய்கிற இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போட வழி வைத்திருக்கிறது. காப்பிரைட்டுக்கு 62-வது பிரிவு அதே மாதிரி. பெங்களூரில் ஒருவர் மார்த்தாண்டத்துத் தேன் வியாபாரியின் பதிந்த லேபிளைக் காப்பி அடித்தால், இங்கே நாகர்கோவிலில் வழக்கு நிற்கும். பதியாத பெயர் என்றால் 'பாசிங் ஆஃப்' (தன் சரக்கை இன்னொருவர் சரக்கு போலக் காட்டி விற்பது) வழக்கு ஆகிவிடும், அதற்கு இந்தச் சலுகை கிடையாது, அதனால் கட்சிக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது பதிவுச் சான்றிதழை. கம்பெனிக்குப் பல ஊரில் கிளை இருந்தால் எங்கே போடலாம், எங்கே போடக் கூடாது என்பதை 2015-ல் வந்த சஞ்சய் டாலியா தீர்ப்பு சொல்கிறது. முன்சொன்ன ஐந்தை முடித்தவர்கள் அடுத்து எடுக்க வேண்டியது அதைத்தான்.